புதன்கிழமைக்கு முன் தெரியக் கூடாது

எனக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம்தான் தப்பில்லாமல் எழுத வந்தது. அதை எழுதினதற்கு டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அப்போது ஏழாவது படித்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதைவிட நல்லதாக இன்னொன்று எழுத வாய்க்கவில்லை.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையோரத்தில் எங்கள் ஊர். ஊருக்குள் இருந்தோம் என்று சொல்லக் கூடாது. ஒரு தோட்டத்துச் சாளையில் இருந்தோம். வேலைக்காரர்கள் தங்குவதற்காகத் தோட்டத்துக்குள்ளேயே போட்டிருக்கும் ஓட்டு வீடுதான் சாளை. அப்பா தென்னைக்குத் தண்ணீர் கட்டுவார். அம்மா களை வெட்டுவாள், தேங்காய் பொறுக்குவாள். பிள்ளைகள் நானும் தம்பியும். தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர். எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது அவர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோம்பி வந்தால் நான்கு பேருக்கும் துணி எடுத்துத் தருவார். நாங்கள் அவர் சாளையில் இருக்கிற வரைக்கும் நல்ல மனிதர்.

டீச்சர் அவருடைய மருமகள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தார். காலையில் மொபெட்டில் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வருவார். மகளும் என் வகுப்புதான். அவள் முதல் பெஞ்சு, நான் கடைசிக்கு முந்தின பெஞ்சு.

அந்த வருஷம் அம்மா ஒரு காடு வாங்கத் துணிந்தாள். காடு என்றால் எங்கள் பக்கம் மழையை நம்பி விதைக்கிற நிலம். பண்ணாடி தோட்டத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் மேட்டுக்காடு. சொந்தக்காரர் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனி வைத்துவிட்டார். யானை வந்து போகிற இடம், கிணறும் இல்லை. யாருக்கு விற்றாலும் சரி என்று இருந்தார். பண்ணாடி மட்டும் அப்படி இல்லை. காட்டின் இரண்டு பக்கமும் அவர் வேலி. அது என்றைக்கானாலும் தனக்குத்தான் வரும் என்று இருந்தார். அதோடு, தண்ணீர் கட்டுகிறவனுக்குச் சொந்தக் காடு இருந்தால் நாளைக்குத் தண்ணீர் கட்ட யார் வருவார்கள்? சேதி தெரிந்தால் அன்றைக்கே திருப்பூருக்கு ஆள் போகும். அதற்குப் பிறகு அந்தக் காடு எங்களுக்குக் கிடைக்காது.

எதை எதை விற்று வாங்கினார்கள் என்று எழுதப் போவதில்லை. விற்க இருந்ததை விற்றார்கள்.

யார் பேரில் வாங்குவது என்று ஒருநாள் பேச்சு வந்தது.

"உம் பேர்லயே இருக்கட்டும்" என்றார் அப்பா. "என் பேர்ல இருந்தா நாளைக்கு வந்து மெரட்டுவானுக. உங்கிட்டப் பேசி எவன் செயிக்கறது?"

"நெசந்தானுங்க" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை.

பத்திரத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அதனால் அவள் பேரை நான் சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து எழுத்து. களைவெட்டி விட்டு வந்து கை கழுவின ஈரத்தோடு எழுதிப் பார்ப்பாள். மூன்றாவது எழுத்துக்குச் சுழி மாற்றிப் போடுவாள். பத்து நாளில் பழகிவிட்டாள். பத்திரம் பதிய ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள்.

வீட்டுக்குள்ளே காடு என்ற பேச்சே வரக் கூடாது என்று அம்மா கட்டளை. சாளைச் சுவருக்கு அந்தப்பக்கம் பம்புசெட் ரூம். எப்போதும் ஆள் இருக்கும். அதனால் அதற்குச் செவலைக் கன்னு என்று பேர் வைத்தாள். மண்ணும் செம்மண்தான். "கன்னு புதன்கெழமை கைக்கு வந்துருமுங்களா?" என்று அப்பாவைக் கேட்பாள். எனக்கு விஷயம் தெரியும். தம்பி சின்னவன், நிஜமாகவே கன்றுக்குட்டி வரப் போகிறது என்று இருந்தான். பேர்கூட வைத்துவிட்டான். தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அம்மா அவனைத் தடுக்கவில்லை. இரண்டே நாளில் எல்லாருக்கும் கன்று விஷயம் தெரிந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை டீச்சர் போர்டில் ஒரு வரி எழுதினார். கெட் விண்ட் ஆஃப். விண்ட் என்றால் காற்று என்று எல்லாருக்கும் தெரியும். மற்றது தெரியாது.

"ஒருத்தரு ஒரு சேதிய மறைச்சு வெக்கறாரு. அது எப்படியோ இன்னொருத்தரு காதுக்குப் போயிருது. அதுக்கு இதப் போடுவாங்க" என்றார் டீச்சர். "காத்துவாக்குல கேள்விப்பட்டேன்னு நாம சொல்றமல்ல, அந்தக் கணக்குத்தான்."

பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "பஸ்சு வருதுன்னு கேள்விப்பட்டா போடலாங்களா டீச்சர்?"

"பஸ்சு வர்றதை எவன்டா மறைச்சு வெச்சான்? ஊருக்கே தெரிஞ்சதுக்கெல்லாம் போடக் கூடாது. யாராவது ஒளிக்கணும். அது தெரிஞ்சுபோயிருக்கணும். இல்லாட்டி, தெரிஞ்சுபோயிருமோன்னு பயமாச்சும் இருக்கணும். அப்பத்தான் அந்த எடத்துல அது உக்காரும்."

நடந்து முடிந்தது என்றால் காட் விண்ட் ஆஃப். தெரியக் கூடாது என்றால் ஷுட் நாட் கெட் விண்ட் ஆஃப். இரண்டையும் எழுதிப் போட்டார். பிறகு வீட்டுப்பாடம் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு வாக்கியம். நோட்ஸப் பாத்து எழுதுனா எனக்குத் தெரியும். உங்க ஊட்டுல நடந்ததா இருக்கணும்."

அன்றைக்குப் பொழுதோடு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் யாரிடமிருந்தும் எதையும் மறைத்ததில்லை. அப்பாவுக்கு மூலம் இருந்தது வரைக்கும் தோட்டத்துக்கே தெரியும். ஓடு ஒழுகுவது தெரியும். மறைத்து வைக்கிற அளவுக்கு எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. அந்த மாதம்தான் இருந்தது. அதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

எழுதினேன். பண்ணாடி ஷுட் நாட் கெட் விண்ட் ஆஃப் அவர் லேண்ட் பிஃபோர் வெட்னஸ்டே. புதன்கிழமைக்கு முன் எங்கள் நிலத்தைப் பற்றிப் பண்ணாடிக்குத் தெரியக் கூடாது. வெட்னஸ்டேக்கு எழுத்துக்கூட்ட வராது. காலண்டரைப் பார்த்துப் போட்டேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அந்த வரி அந்த இடத்தில் நன்றாக உட்கார்ந்திருந்தது.

ரகசியத்தை வெளியே விடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கிலீஷில்தானே எழுதினேன். எங்கள் சாளையில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் காட்டினேன். அவளும் கோடு கோணாமல் இருக்கிறது என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நோட்டுகளை அடுக்கிக் கொடுத்தோம். டீச்சர் ஒயர் கூடையில் போட்டு மொபெட்டில் மாட்டிக்கொண்டு போனார். நோட்டு பண்ணாடி வீட்டுக்குப் போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கேதான் இருந்தது.

திங்கட்கிழமை நோட்டு திரும்பி வந்தது. அவரவர் எழுதினதை அவரவரே எழுந்து படிக்க வேண்டும். அது டீச்சர் வைத்திருந்த வழக்கம். பஸ் கேட்ட பையன், அவன் அக்கா மருதாணி வைத்ததை எழுதியிருந்தான்.

"மருதாணிய எங்கடா ஒளிக்கறது? கை செவந்து கெடக்குமே" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

டீச்சர் மகள் எழுந்து, தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி, ஒளித்து வைத்து மைசூர்பாகு தின்றார், அது ஆத்தாவுக்குத் தெரிந்துவிட்டது என்று படித்தாள். தாத்தா என்றால் பண்ணாடி, ஆத்தா என்றால் அவர் வீட்டம்மா. வாக்கியம் சரிதான் என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். "இத ஊட்டுல போய்ச் சொல்லாதே" என்றார். அதற்கும் சிரித்தோம்.

அடுத்தது என் வரிசை. எனக்கு நோட்டே வேண்டாம், மனப்பாடம். இருந்தாலும் பிரித்தேன். அந்தப் பக்கம் இல்லை. பிளேடு வைத்து அறுத்து எடுத்திருந்தது. ஒரு தாளை எடுத்தால் அதோடு சேர்ந்த அந்தப்பக்கத் தாளும் கழன்று வரும். அந்தத் தாளைச் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தது.

"நீ எழுதலை. உக்காரு" என்றார் டீச்சர்.

"எழுதுனனுங்க டீச்சர்."

"எழுதலைன்னு சொல்றனல்ல."

"எழுதுனனுங்க. வேணும்னா பாக்காமச் சொல்றனுங்க. பண்ணாடி ஷுட் நாட்..."

டஸ்டரை மேஜையில் ஓங்கி அடித்தார். சுண்ணாம்புத் தூள் அவர் முகத்திலேயே பட்டது. அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"வாய மூடு. வீட்டுப்பாடம் எழுதாம வந்ததுமில்லாம எதுத்துப் பேசறயா? வெளிய நில்லு."

வெளியே நின்றேன். அழவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே சத்துணவுக்கார அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்ன பண்ணினாய் என்று கையாலேயே கேட்டார். நான் ஒன்றும் பண்ணவில்லை என்று கையாலேயே சொன்னேன். சரியாக எழுதினவள் நான் ஒருத்திதான். எனக்கு அது தெரியும்.

இன்டர்வெல் மணி அடித்ததும் டீச்சர் மகள் என்னிடம் ஓடி வந்தாள். "நீ என்னப்பா எழுதுன? எங்க தாத்தாவப் பத்தியா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து டீச்சர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆபீஸ் ரூமில் புத்தக பீரோ இருக்கிறது, துடை என்றார். துடைத்தேன். மத்தியானம் சாப்பிட்டதும் மறுபடியும் கூப்பிட்டார். புத்தகத்தையெல்லாம் கீழே இறக்கி உயர வரிசைப்படி அடுக்கு என்றார். அடுக்கினேன். பெல் அடிக்கும் வரைக்கும் விடவில்லை. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசவும் இல்லை.

பொழுதோடு அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள்.

"என்னன்னு எழுதுன? தமிழ்ல சொல்லு."

சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

"போச்சு" என்றார்.

"எல்லாப் புள்ளைகளும் கேக்கறாப்ல படிச்சயா?" என்று அம்மா கேட்டாள்.

"படிக்க உடல. எழுதவே இல்லைன்னு பொய் சொல்றாங்கம்மா. தாளையும் அறுத்துட்டாங்க."

"தாளு எங்க?"

"தெரியல."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சமாவது புரிந்திருக்கும். அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள்.

"நோட்டு வெள்ளிக்கெழமையே அந்த ஊட்டுக்குப் போயிருக்குது. பண்ணாடிக்குத் தெரிஞ்சிருந்தா சனிக்கெழமையே வந்திருப்பாரு" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கண்ணு, நாளைக்கும் நாளான்னைக்கும் டீச்சர் என்ன சொன்னாலும் செய்யி. ஏன்னு கேக்காதே. அந்தப் புள்ளைகிட்டப் பேசாதே."

செவ்வாய்க்கிழமை வெடியால பண்ணாடி சாளைக்கு வந்தார். அவர் சாளைக்கு வருவது அபூர்வம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் விரல் அழுந்தின இடம் வலித்தது.

"ஏன்டா, என்னமோ கேள்விப்பட்டேன். நெசமா?" என்றார் பண்ணாடி.

அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார்.

"கன்னு புடிக்கப் போறயாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லோணும்னுதானுங்க இருந்தேன்" என்றார் அப்பா.

"எந்தச் சந்தை?"

"சந்தை இல்லீங்க. தெரிஞ்ச எடம்."

"சுழி பாத்து வாங்கு. தெரிஞ்ச எடம்னு ஏமாந்துபோடாதே. நம்ம டெம்போவ வேணா எடுத்துட்டுப் போ. ஏத்தியாந்தரலாம்."

"நடத்தியே ஓட்டியாந்தர்றனுங்க. பக்கந்தானுங்க."

பண்ணாடி போன பிறகு அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பக்கம் என்று சொன்னது பொய்யில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து கல் எறிந்தால் அந்தக் காட்டில் விழும்.

அன்றைக்கும் எனக்கு பீரோதான். நேற்று உயர வரிசைப்படி அடுக்கினதை டீச்சர் இன்றைக்குப் பாட வரிசைப்படி அடுக்கச் சொன்னார். புதன்கிழமை அட்டை போடச் சொன்னார். மூன்று நாளில் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் ஐந்து நிமிஷம் பேசவில்லை. பேச விட்டால்தானே. வீட்டுப்பாடம் எழுதாத மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட இப்படி இல்லை. என்மேல் அவருக்கு என்ன வன்மம் என்று நினைத்தேன். பண்ணாடி வீட்டு ஆள்தானே என்றும் நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை அம்மாவும் அப்பாவும் முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். கன்று பிடிக்கப் போகிறவள் நல்ல சேலையில் போக முடியாது. அதை மஞ்சப்பையில் வைத்து எடுத்துப் போய், பத்திர ஆபீஸ் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரம்மா வீட்டில் கேட்டுக் கட்டிக்கொண்டாளாம். பத்திரத்தில் ஐந்து எழுத்தையும் கோணாமல் போட்டாள். மூன்றாவது எழுத்துக்குச் சுழியும் சரி. அதற்கப்புறம் கட்டை விரலையும் பிடித்து மையில் வைத்தார்களாம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் கைநாட்டு வைத்தாக வேண்டும் என்பது அம்மாவுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

"ரெண்டும் வெச்சுப்போட்டேன். இனி எவன் இல்லைங்கறான் பாக்கலாம்" என்றாள்.

எங்கள் சனத்தில் காடு வாங்கின முதல் ஆள் என் அம்மா. இதை எழுதும்போது என் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

வியாழக்கிழமை இன்டர்வெல்லில் நானாகவே ஆபீஸ் ரூமுக்குப் போய் நின்றேன். டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இனித் தொடைக்க வேண்டாம். போய் வெளையாடு" என்றார்.

இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அப்போது வரிசையாக வரவில்லை. தண்டனை முடிந்தது என்று மட்டும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காட்டில் எல்லைக்கல் நட்டார். இரண்டு வேலிக்கும் நடுவில் போகிற இட்டேரி வழியாகப் பண்ணாடி வந்து நின்றார். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. செருப்பைக் கழற்றாமல் வரப்பிலேயே நின்றார்.

"இதுதான் அந்தச் செவலைக் கன்னா?" என்று கேட்டார். கேட்டது அம்மாவை.

"ஆமாங்க பண்ணாடி."

"சுழி பாத்து வாங்குனயா?"

"பாத்துத்தானுங்க வாங்குனேன்."

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "என்னப்பா, சாளைய எப்பக் காலி பண்ற?" என்றார். அதுவரைக்கும் அவர் அப்பாவை டா போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். சாளை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 'என்னப்பா'தான் காதில் நின்றது. பத்து நாளில் காட்டிலேயே தென்னங்கீற்றில் ஒரு குடிசை போட்டோம். ராத்திரிக்கு யானைக்கு நெருப்பு வைத்துக்கொண்டு காவல் இருந்தோம். தம்பி மட்டும் கன்று எங்கே என்று ஒரு வாரம் அழுதான். அடுத்த வருஷம் அவனுக்காக ஒரு நிஜக் கன்று வாங்க வேண்டியதாயிற்று.

டீச்சர் மகள் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னாள்.

"எங்க தாத்தா எங்கம்மாவப் புடிச்சுச் சத்தம் போட்டாரு. தெனமும் அந்தப் புள்ளையோட மூஞ்சிலதான முழிக்கற, ஒண்ணுமே உன் காதுக்கு வரலையான்னு."

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"சத்தியமாத் தெரியாதுங்க மாமான்னாங்க. எம் தலைல கை வெச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுதினதைப் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்துவிட்டு அறுத்தார். எழுதவில்லை என்றார். இப்போது பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்து இன்னொரு பொய். டீச்சர்களும் பொய் சொல்வார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா, "சத்தியமா பண்ணுனாங்க? புள்ளை தலைலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு களை வெட்டப் போய்விட்டாள். அவள் ஏன் என் பக்கம் பேசவில்லை என்று அதுவும் கோபம்.

ஐப்பசி மழைக்குத் தட்டைப்பயறு நன்றாக வந்தது. முதல் காய் பறித்ததும் அம்மா ஒரு கூடை நிறையப் போட்டு, டீச்சருக்குக் கொடுத்துவிட்டு வா என்றாள். நான் மாட்டேன் என்றேன்.

"குடுத்துப்போட்டு வா அம்மணி" என்றாள். இரண்டாம் முறை சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்குச் சொன்னாள்.

ஆபீஸ் ரூமில் ஹெட்மாஸ்டர் இருந்தார், கணக்கு சாரும் இருந்தார். கூடையை டீச்சர் மேஜைமேல் வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்தக் காட்டுது?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க காட்டுதுங்க" என்றேன். அவருக்கு உறைக்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

"இங்கிலீஷ்ல சொல்லு."

"ஃப்ரம் அவர் லேண்ட், டீச்சர்."

டீச்சர் ஒரு காயை எடுத்து உடைத்துப் பார்த்தார். பிஞ்சு, நார் இல்லை. ஹெட்மாஸ்டர் இருக்கிற பக்கம் ஒருதரம் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பச் சொல்லலாம்" என்றார்.

அவர்தானே கேட்டார், நான் சொன்னேன். அதில் இப்போது என்ன, அப்போது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அவர் காயைக் காகிதத்தில் கொட்டிவிட்டுக் கூடையைத் தந்தார். வாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கியபடியே வெளியே வந்துவிட்டேன்.